மூன்றாவது தடை

இரண்டு வருடம் கடியும் உதையும் வாங்கி அந்தக் குதிரையை வழிக்குக் கொண்டுவந்தவள் சின்னவள். முரடன் என்று பெயர் வைத்ததும் அவள்தான். பத்து நாள் காய்ச்சலில் அவள் படுத்தபோது, "நான் பாத்துக்கறேன், நீ தூங்கு" என்று போன அக்கா, தடை தாண்டும் போட்டிக்குத் தானே ஏறுவதாக, குதிரையேற்றம் சொல்லித்தரும் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள். கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது? சின்னவளுக்கு வயிறு எரிந்தது.

காய்ச்சல் விட்டு அவள் திரும்பி வந்த இரண்டாம் நாள், இரண்டு பேரும் ஏறிக் காட்டுங்கள், நன்றாகத் தாண்டுகிறவளுக்குக் குதிரை என்றார் மாஸ்டர்.

அக்கா முதலில் ஏறினாள். சேணத்தின் வாரை இறுக்கியபடி சின்னவள் ரொம்பக் கரிசனமாகச் சொன்னாள். "மூணாவது தடையில பாத்துப் போக்கா. நேத்து நான் ஏறினப்போ அங்க சடார்னு நின்னுட்டான்."

பச்சைப் பொய். முரடன் எங்கேயும் நின்றதில்லை. ஆனால் ஏறியவள் தொடையை இறுக்கினால், மூச்சைப் பிடித்தால், முன்னால் ஏதோ ஆபத்து என்று அதுவும் விறைத்துவிடும். சின்னவளுக்குத் தெரியாதா?

இரண்டு தடைகளை அக்கா அழகாகத் தாண்டினாள். மூன்றாவதை நெருங்கும்போது அவள் தோள் காதுவரை ஏறியது. கடிவாளத்தைப் பிடித்து இழுத்தாள். குதிரை நாலு காலையும் ஊன்றி நின்றது. கழுத்துக்கு மேலாகப் பறந்துபோய், அக்கா நிஜமாகவே மண்ணைக் கவ்வினாள்.

நல்லா வேணும் என்று சின்னவள் மனசு குதித்தது.

அந்தக் குதிப்போடுதான் அவளும் ஏறினாள். மூன்றாவது தடைக்கு முன்னால், அக்கா விழுந்த இடத்தில் மணல் கலைந்து கிடந்தது. பார்த்ததும் உள்ளே சந்தோஷம் குப்பென்று ஏறியது. பல்லைக் கடித்தாள், தொடை இறுகியது, மூச்சு நெஞ்சோடு நின்றது. அது பயமா, பழி தீர்த்த வெறியா என்று குதிரைக்கு என்ன தெரியும்? நின்றுவிட்டது. மறுபடி திருப்பிக்கொண்டு வந்தாள். மறுபடியும் நின்றது.

மாஸ்டர் பக்கத்தில் வந்தார். "விழுந்தவளே திரும்ப ஏறறேன்னு நிக்கறா. நீ ஏன் அங்க போய் மூச்சைப் பிடிக்கற? பயமா?"

இல்லை என்றால், பின்னே என்ன என்று கேட்பார். தோண்டித் துருவுவார்.

"ஆமா மாஸ்டர். பயம்தான்."

குதிரை அக்காவுக்குப் போயிற்று. மணல் படிந்த கையால் கடிவாளத்தை வாங்கிக்கொண்ட அக்கா, மறு கையால் தங்கையின் முதுகைத் தடவினாள்.

"விடுடி. பயம் யாருக்குத்தான் இல்ல?"

அந்தக் கையைத் தட்டிவிடக்கூட முடியாமல் சின்னவள் நின்றாள்.