போன வாரத்து நேரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திருட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் யாதிரா கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவள். ஞாயிறுதோறும் வலைப்பதிவில் அபிப்பிராயம் சொல்வது அவள் பொழுதுபோக்கு. 'ஓடுகிற நிரலில் வெள்ளிக்கிழமை கை வைக்காதே; கெட்டால் சனி, ஞாயிறு பார்க்க ஆளிருக்காது.' 'இயந்திரம் எழுதிக் கொடுத்த நிரலைப் படிக்காமல் ஒட்டுகிறவன், மூடியைத் திறக்காமலே சூப்பைப் புகழ்கிறவன்.' 'மின்வெட்டே இருக்காது என்று மந்திரி பேட்டி கொடுத்தால், அன்றைக்கே மெழுகுவத்தி வாங்கு.' இப்படி.

போன ஞாயிறு இரண்டே சொல்: 'தப்பு என்னுடையது.'

அங்கிருந்துதான் திருடினேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "குவெங்கா நகரின் மேல் மேகங்கள் கூடின, ஆனால் மழை..."

வேண்டாம். மழை இல்லாததும் அணை வறண்டதும் அதனால் மின்வெட்டு வந்ததும் ஊரறிந்த சங்கதி.

இரண்டாம் முயற்சி: "ஒரு மனிதரின் மூச்சு ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த..."

இதுவும் வேண்டாம். அந்த மனிதர் லவ்ரோ, அதே மாடியில் என் எதிர்வீட்டுக்காரர். இதைப் படித்தால் சிரிப்பார். சிரித்தால் இருமுவார்.

நேராகவே சொல்கிறேன். நாளைக்கு எந்தப் பேட்டைக்கு எப்போது மின்வெட்டு என்று மின்வாரியம் முந்தின மாலை பட்டியல் போடும். படிக்கவே முடியாத பட்டியல். யாதிரா அதைப் பிரித்தெடுத்து ஓர் இணையப் பக்கம் செய்தாள். பேட்டைப் பெயரைத் தட்டினால் நேரம் வரும். ஊரே அதைப் பார்த்துத்தான் துணி துவைத்தது. லவ்ரோவின் மனைவி சொய்லா அதைப் பார்த்துத்தான் அவருடைய ஆக்சிஜன் இயந்திரத்தின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவார். பழைய பேட்டரி. சூடாகிவிடும் என்று இரவில் மாட்டமாட்டார்; காலையில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏற்றுவார். முழுசாக ஏறினால் மூன்று மணி நேரம் தாங்கும்.

போன வியாழனுக்குப் பட்டியல் வரவில்லை. பக்கம் மட்டும் தயங்காமல் 'பிற்பகல் இரண்டு' என்றது. மின்சாரம் போனது காலை ஒன்பதுக்கு. பேட்டரியில் கால்வாசிகூட இல்லை. லவ்ரோவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினோம். உதடு நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்.

3

[அழித்தது: "யாதிரா கண்ணீருடன் திரையை வெறித்தாள்." அவள் அழவில்லை. கதையில் அழவைத்தது நான்.]

மறுநாள் வெள்ளிக்கிழமை. என்ன ஆயிற்று என்று கேட்க மேலே போனேன். கூட வேலை செய்யும் டார்வின்* அவளிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"பட்டியல் வராட்டி போன வாரத்து நேரத்தைக் காட்டுன்னு எந்த அறிவாளி எழுதினது?"

"நான்தான். பக்கம் காலியா இருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருந்துச்சு."

"இப்ப என்ன போடப் போறே?"

"தெரியாதுன்னு போடப் போறேன்."

"தெரியாதுன்னு சொல்ல ஒரு பக்கமா? அதுக்குத்தான் மந்திரி இருக்காரே! ஜனங்க வேற பக்கத்துக்குப் போயிடுவாங்க. அது வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்லும்."

"போகட்டும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கை வைக்காதேன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினது யாரு தாயே?"

"அதுவும் நான்தான். நகரு."

அப்போது சொய்லா ஒரு கிண்ணம் அவித்த சோளத்தோடு வந்தார். "ஏண்டி பொண்ணே, நாளைக்கு அவர் வீட்டுக்கு வந்துடுவார். நீ தெரியாதுன்னு போட்டா நான் என்னடி பண்றது?"

"தெரியாதுன்னு வந்த நிமிஷமே பேட்டரியை மாட்டிடுங்கக்கா. ராத்திரியா இருந்தாலும் சரி. சூடாகுதான்னு நான் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்."

"தூங்கமாட்டியா?"

"என் மேல இருக்கிற கோவத்துல எனக்கு எங்கக்கா தூக்கம்?"

"அப்ப சரி. இதைத் தின்னு."

(* இந்த ஊரில் தெருவுக்கு நாலு டார்வின் உண்டு. தன் பெயரை மாற்றிப் போடச் சொன்னான். மாற்றி என்ன பிரயோஜனம்?)

4

வார இதழுக்கு முடிவு வேண்டும்.

முடிவு அ: மழை கொட்டுகிறது. எல்லாரும் தெருவில் நனைகிறார்கள். (கொட்டவில்லை.)

முடிவு ஆ: லவ்ரோ இறக்கிறார். யாதிரா கணினியை மூடுகிறாள். எழுதிப் பார்த்தேன். சரளமாக வந்தது. ஏன் இவ்வளவு சரளம் என்று யோசித்தபோதுதான் உறைத்தது: போன வருஷம் நான் எழுதிய வேறொரு கதையின் முடிவு அது. காலி இடம் அசிங்கமாக இருந்தது. பழையதை எடுத்துப் போட்டுவிட்டேன். அவள் நிரலில் இருந்த அதே வரி என் கையிலும் இருக்கிறது.

கிழித்துப் போட்டேன்.

5

இன்று வியாழன். நேற்று மாலையும் பட்டியல் வரவில்லை. யாதிராவின் பக்கம் சொன்னது: 'நாளைய நேரம் தெரியாது. பேட்டரியை இப்போதே ஏற்றுங்கள்.' சொய்லா ஏற்றினார். யாதிரா காவல் இருந்தாள்.

காலை 9.40க்கு மின்சாரம் போனது. பேட்டரி 12.40 வரை தாங்கும். இப்போது 11.50. ஆம்புலன்சுக்குச் சொன்னால் "வரிசையில இருக்கீங்க" என்கிறார்கள். கீழே முடிதிருத்தும் எல்வியோ இந்த வாரம்தான் ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். அது இருமுகிறது, நிற்கிறது, மறுபடி இருமுகிறது. வயரை மூன்று மாடி ஏற்ற வேண்டும்.

கதவைத் தட்டுவது யாதிரா.

"என்ன பண்றீங்க?"

"முடிவு எழுதறேன்."

"அது இன்னும் யாருக்கும் தெரியாது. வந்து வயரைப் பிடிங்க."

போகிறேன்.

முடிவு: தெரியாது. கடைசியாகப் பார்த்த நேரம் 11.52.

கீழே கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கும். நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் மேலே 'ஊகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள். யாராவது அதை நம்பி, பேட்டரியை மாட்டாமல் இருந்துவிடப் போகிறார்கள்.