இருந்தாய்: ஒரே சொல்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை, முற்பகலில் என் தம்பியின் இசையறையில் இறுதி ஒத்திகை தொடங்கியது. மறுநாள் மாலை கச்சேரி. அம்மா மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி அவன் இசையமைத்த பாடலுக்குச் சொற்கள் என்னுடையவை. தாயைக் குறிக்கும் எந்தச் சொல்லும் அதில் வரக் கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அச்சொல்லை எழுதினாலே கேட்பவர் அழுதுவிடுவார். பிறகு பாட்டு எதற்கு?

கதவோரம் அம்மாவின் பிரம்பு நாற்காலி இருந்தது. தம்பி மெட்டமைக்கும்போதெல்லாம் அவள் அதில் அமர்ந்து காய் நறுக்குவாள். மெட்டு பிடிக்காவிட்டால் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவனுக்கு வேறு விமர்சகர் தேவைப்பட்டதில்லை. இப்போது அந்த நாற்காலியின்மீது பாடகியின் கைப்பை இருந்தது. எடுத்துத் தரையில் வைத்தேன்.

பாடகி நன்றாகவே பாடினாள். ‘அழைக்காதபோதும் அருகில் இருந்தாய்’ என்ற கடைசி அடிக்கு வந்ததும், ‘இருந்’ என்று நிறுத்தி, மூச்செடுத்து, ‘தாய்’ என்பதை மேலே ஏற்றி மூன்று முறை பாடினாள்.

“நிறுத்தும்மா,” என்றேன். “யாருடா இந்தச் சொல்லை வெட்டினது?”

“நான்தான் அக்கா,” என்றான் தம்பி.

“இரு, த், த், ஆய். முதல் த், ந்-ஆத் திரிஞ்சிருக்கு. இதுல தாய் எங்கடா இருக்கு?”

“இலக்கணத்துல இல்ல. என் காதுல கேக்குது.”

“உன் காதுல கேக்கறதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல. கச்சேரிக்கு அச்சடிக்கற பாட்டுத் தாள்ல என் பேரை எடுத்துடு.”

“பேரை எடுத்தா பாட்டையும் எடுத்துடறேன். நாளைக்கு வெறும் வயலினை வெச்சு ஒப்பேத்திக்கலாம்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தைத்தது.

“நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க,” என்றாள் பாடகி. “அதுவரைக்கும் நான் மூச்சு விட்டுக்கறேன்.”

சொல்லைப் பிரிக்காமல் பாடச் சொன்னேன். பாடினாள். ஒரு பிழையும் இல்லை. கத்தியை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டிய பாட்டு அது. தம்பி என்னைப் பார்க்கவில்லை. பென்சிலைச் சீவத் தொடங்கினான், ஏற்கெனவே கூர்மையாக இருந்ததை.

“முதல் ரெண்டு தடவை முழுசாப் பாடட்டும்,” என்றேன். “முழுசாக் கேட்டவங்களுக்குத்தான் உடையறது தெரியும். கடைசில மட்டும் பிரிக்கட்டும். ஒரே தடவை. மூணு தடவை கூப்பிட்டா அது ஒப்பாரி.”

“மேல போகணுமா அக்கா?” என்றான் தம்பி.

“வேண்டாம், கீழேயே இருக்கட்டும். அடுத்த ரூம்ல இருக்கறவங்களைக் கூப்பிடற மாதிரி.”

அவன் குறித்துக் கொடுத்தான். அவள் மறுபடி பாடினாள். பாடி முடித்தபின் அந்த அறையிலிருந்து யாரும் எழுந்து போகவில்லை.

முடிவு செய்யப்பட்டது இது: பாட்டில் அச்சொல் இருமுறை சேர்ந்தும் ஒருமுறை பிரிந்தும் ஒலிக்கும். அச்சில் இடைவெளியின்றி ஒரே சொல்லாக இருக்கும். என் பெயர் நீக்கப்படாது. கைப்பை வைக்கப் பாடகிக்கு வேறு நாற்காலி கொண்டுவரப்படும்.