அமாவாசை நிலா

என் வீட்டுக்காரர் பிளம்பர். மிச்சமான தண்ணீர்க் குழாயில், தானே தேய்த்த கண்ணாடியைப் பொருத்தித் தொலைநோக்கி செய்திருந்தார். தேய்த்த மூன்று மாதமும் சமையல் மேடை அவர் வசம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். நான் தையல் மிஷினில் இருந்தேன்.

"வெள்ளி கிரகத்தைப் படம் புடிச்சுட்டேன்" என்று செல்போனை நீட்டினார்.

வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு பிறை தெரிந்தது.

"நிலாவைப் புடிச்சுட்டு வெள்ளிங்கிறீங்களே. இதுக்கா என் அடுப்படி நாசமாச்சு?"

அவர் சண்டைக்கு வரவில்லை. "சரி, நிலாதான். மேல வந்து எனக்கும் காட்டு."

காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று ஏறினேன். நாலு பக்கமும் தேடினேன். நிலாவே இல்லை. மேற்கே ஒரே ஒரு பளிச்சென்ற புள்ளி. குழாய் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு அமாவாசை" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "குனிஞ்சு உன் நிலாவைப் பாரு."

குனிந்தேன். அதே பிறை, வெள்ளைவெளேரென்று, லேசாக நடுங்கியது.

"போதும், நகரு" என்று இரண்டு முறை சொன்னார். வெள்ளி மறையும்வரை நான் நகரவில்லை.