லோர்னாவின் பிக்கப்பில் நான்கு துளைகள்

1

இந்தக் கதை எனக்குச் சமையலறை ஜன்னலில் கிடைத்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே லோர்னா ஹாகனின் வாசல். நான் எட்டிப் பார்க்கவில்லை, பாத்திரம் கழுவினேன். (அன்று மூன்று முறை.)

முதல் தொடக்கம்: 'மொன்டானாவின் அகன்ற வானத்தின் கீழே இரு தனிமையான—' அடித்துவிட்டேன். வானத்துக்கு இதில் வேலை இல்லை.

இரண்டாவது: பிக்கப் வண்டியின் முதுகில் கேம்பரை, அதாவது கட்டிலும் அடுப்பும் உள்ள ஒரு சின்ன அறையை, ஏற்றினால் நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வழியில் லிவிங்ஸ்டன் ஊரில் அடிக்கும் காற்றில் வண்டி ஒரு பக்கம், அறை ஒரு பக்கம். இதுவே இருக்கட்டும்.

2

பிக்கப் லோர்னாவின் கணவன் குஸ்ஸுடையது. அவன் செத்து ஆறு வருடம். கேம்பர் டுவைட்டுடையது, அவன் லோர்னாவின் வாழ்க்கைக்குள் வந்து எட்டு மாதம். சனிக்கிழமை இருவரும் அரிசோனா போகிறார்கள், குளிர்காலம் முழுக்க. அது சரிப்பட்டால் அவன் தன் வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுவான் என்று பேச்சு. (யார் பேச்சு என்று கேட்காதீர்கள்.)

லோர்னாவுக்கு ஒரே நிபந்தனை: குஸ் மெழுகு போட்டுப் பார்த்துக்கொண்ட அந்த வண்டியின் பின்பக்கத் தொட்டியில் ஒரு துளைகூட விழக்கூடாது. ஆகவே தொட்டியில் துளையிட்டுக் கொக்கி முடுக்கிக் கேம்பரைக் கட்டும் வகை கிடையாது. தொட்டியின் விளிம்பைக் கவ்வும் வகையைப் பார்த்து, அது சூட்கேஸ் கட்டத்தான் லாயக்கு என்று டுவைட் சிரித்தானாம். மிஞ்சியது வண்டிக்கடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு பிராக்கெட் மாட்டுவது. வாங்கிவிட்டான்.

3

வியாழக்கிழமை வண்டிக்கடியில் போனவனின் கால்கள் ஒரு மணி நேரம் அசையவில்லை. காப்பி எடுத்துக்கொண்டு போனேன். (காப்பியை அவன் கேட்கவில்லை.)

பிராக்கெட் உட்கார வேண்டிய இடத்தில் குஸ் வெல்டிங் வைத்த தகடுகள். ஒருமுறை எல்க் மான் மோதிச் சட்டம் விரிசல் விட்டதாம். அவனே ஒட்டுப் போட்டிருக்கிறான்.

"அறுத்து எடுத்துட்டா மாட்டிரலாம் மேவிஸ். லோர்னா என்ன, கீழ படுத்தா பாக்கப் போறா?"

"விரிசல் தாங்குமா?"

"தாங்கலாம். மேல மூவாயிரம் பவுண்டு. தாங்காமலும் போகலாம்."

"அவகிட்டயே கேட்டுத் துளை போடேன்."

"கேட்டா, குஸ்ஸா இருந்தா ஒரு வழி கண்டுபிடிச்சிருப்பான்னு சொல்லுவா." காப்பியைக் குடித்தான். "சொல்லக்கூட மாட்டா. நினைப்பா."

லோர்னாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டான். கொடுத்தேன்.

4

இங்கே டுவைட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பிரதியில் 'அவன் தகட்டை அறுத்து, அந்த இடத்தில் சேற்றைப் பூசி—' என்று எழுதிப் பார்த்தேன். ஏமாற்றுகிறவன் ஒரு மணி நேரம் படுத்து யோசிப்பானா? வேறொரு பிரதியில் லோர்னா எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்டாள். பொய். இந்தத் தெருவில் அந்த வேலைக்கு ஒருத்திதான்.

உண்மை இது: வெள்ளிக்கிழமை காலை நான்தான் சொன்னேன். குஸ் நன்றாக வெல்டிங் செய்வானா என்று மட்டுமே கேட்டேன். நான்கு நிமிடத்தில் மிச்சத்தை வாங்கிவிட்டாள்.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்த எல்க் மேல மோதினப்ப நான்தான் ஓட்டினேன். குஸ் யார்கிட்டயும் சொல்லல. தான் ஓட்டினதாவே சொன்னான்."

முப்பது வருடம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. (எழுத்தாளராக எனக்கு இது பெரிய அடி.)

"தொட்டி கெடக்குது, துளை விழுந்தா விழட்டும்," என்றாள். "அந்தத் தகட்டத் தொடக்கூடாது."

5

அன்று நான்கு மணி. டுவைட் மறுபடி வண்டிக்கடியில். இந்த முறை கையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர், வயர் செருகியாயிற்று. லோர்னா கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். கையில் குஸ்ஸின் டிரில். நடுவே இருபது அடி. அவன் கண்ணுக்கு அவள் காலணி தெரிய இன்னும் பத்தடி இருக்கும்போது அவள் நின்று, நிமிர்ந்து, நேராக என் ஜன்னலைப் பார்த்தாள்.

வாழ்க்கையில் முதல் முறையாக நான் திரையை இழுத்தேன்.

ஏதோ ஒரு மெஷின் ஓடியது. மூடிய ஜன்னலுக்குள் இரண்டும் ஒரே இரைச்சல்.

தகட்டை அறுத்தால் கிரைண்டர் இரும்புத் தூள் விடும், தொட்டியைத் துளைத்தால் டிரில் இரும்புச் சுருள் விடும். வாசலில் எது கிடக்கிறதென்று விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை நான் எழுவதற்குள் லோர்னா வாசலைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

லிவிங்ஸ்டனில் அன்று காற்று பலம் என்று ரேடியோவில் சொன்னார்கள். தூளா, சுருளா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.