மழைக்கு முன் ஒரு சுற்று

கருநீலக் காரின் பொனட் நடுவே ஓர் இதயம் படிந்திருந்தது. முந்தைய நாள், அயல்வீட்டு ஹவ்வா உம்மாவின் மகளுக்குப் பேசிவைத்த கலியாணக் கார் கட்டுகஸ்தோட்டையில் பழுதாகி நின்றுவிட, அவர்கள் றிஸ்வியின் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அவனால் மறுக்க முடியவில்லை. அலங்காரம் செய்தவர்கள் பொனட்டில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்கள். இன்று காலை றிஸ்வி அதை உரித்தபோது தாள் மட்டுமே வந்தது. வெயிலில் இளகிய பசை அதே வடிவில் தங்கிவிட்டது.

கார் அவனுடையதன்று. அவன் மனைவி ருக்கியாவின் அண்ணன் ஹலீம் நானா, கத்தாருக்குத் திரும்பும்போது விட்டுச்சென்றது. சில வருடங்களுக்கு முன்னர் றிஸ்வி அவருடைய மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, பெற்றோல் தாங்கியை நசுக்கி, மேலே வர்ணம் தீட்டித் திருப்பிக் கொடுத்திருந்தான். அது தெரியவந்தபின் ஹலீம் இந்த வீட்டுப் படியை மிதிக்கவேயில்லை. நசுக்கியதற்காக அல்ல, மூடிமறைத்ததற்காக. அந்தப் பிணக்கு தீர்ந்ததற்கு அடையாளமாக வந்ததுதான் இந்தக் கார்ச் சாவி. விடுமுறையில் ஊர் திரும்பியிருக்கும் அவர், இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் வருகிறார். இதயத்தைக் கண்டால் ருக்கியா தன் நானாவை இரண்டாவது முறையாக இழப்பாள்.

"மண்ணெண்ணெய் போதும், விடுங்க. பெயிண்டும் கழண்டு வந்துரும்," என்றாள் ருக்கியா.

"பசை போகோணுமே."

"நேத்து ஒட்டக்குள்ள மாப்புள மாதிரி சிரிச்சிக்கிட்டு நின்டீங்க. இப்ப தேய்ங்க."

றிஸ்வி துணியை மறுபடி நனைத்தான். மண்ணெண்ணெய் ஊறிப் பசையைத் தளர்த்த நேரம் வேண்டும்; பிறகு சவர்க்கார நீரால் அதன் எண்ணெய்ப்பசையைப் போக்கவேண்டும்; தகடு உலர்ந்து குளிர்ந்த பின்னரே பளபளப்பூட்டும் களிம்பைத் தேய்க்கலாம்; கடைசியில் மெழுகு. ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தைக் கேட்டது. பலா மரத்தின் நிழலோ பொனட்டை விட்டு விலகிக்கொண்டிருந்தது. ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கம் வானம் கறுத்தது. சுற்றியுள்ள பழைய மெழுகு கெடாதபடி, இதயத்தின் விளிம்பைத் தாண்டாமல் அவன் தேய்த்தான். களிம்பைத் துடைத்தபோது வடிவம் மறைந்திருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

மெழுகைத் தடவிவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் எடுத்தாள். சிறுவயதிலிருந்தே முட்டை அவிப்பதற்கும் சோற்றை இறக்குவதற்கும் ஸலவாத் ஓதியே நேரம் அளப்பவள் அவள். மெழுகு இறுகி வெளிறுவதற்கும் மணி ஒரு சுற்று வரவேண்டும் என்பதை இந்த முற்றத்தில் பலமுறை பார்த்திருந்தார்கள். அதன்பிறகு அவன் கடிகாரத்தைத் தேடியதில்லை.

சுற்றின் பாதியில் ருக்கியாவின் கைப்பேசி ஒலித்தது. றிஸ்வி ஒலிபெருக்கியை அழுத்தினான்; ஹலீம்தான்.

"தங்கச்சி, டவுன்ல வேலை வெள்ளன முடிஞ்சிச்சி. மடவளைச் சந்தியில நிக்கிறேன். த்ரீவீல்ல வாறேன்."

ருக்கியாவின் உதடுகள் நிற்கவில்லை. ஆனால் விரல்கள் வேறொரு வேகத்திற்கு மாறின. மணிகள் ஒன்றையொன்று துரத்தின.

"முடிஞ்சிச்சி," என்றாள்.

"அதுக்குள்ளயா?"

"ஒரு சுத்து ஓதிட்டேன். தொடைங்க."

விரலால் இழுத்துப் பார்ப்பது அவன் வழக்கம். மெழுகு குழைந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். அன்று பார்க்கவில்லை. துணி போன இடமெல்லாம் மெழுகு இறுகாமலே உரிந்துவந்தது. வாசலில் த்ரீவீலர் நின்றது.

ஹலீம் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பொனட்டில் குனிந்து தம் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"நல்லா வச்சீக்கிறீங்க, மச்சான்."

றிஸ்வி தலையசைத்தான். ருக்கியாவின் பிடிக்குள் மணிகள் நெரிபட்டன. அப்போது மழை விழுந்தது. மூவரும் விறாந்தைக்குள் ஒதுங்கினார்கள்.

பழைய மெழுகின் மேல் துளிகள் முத்து முத்தாக நின்றன. மெழுகு ஒட்டாத நடுவில் மட்டும் நீர் திரளாமல் பரந்தது. முத்துகளுக்கிடையே ஒரு வழவழப்பான இடம் முதலில் வளைந்தது, பின் கூர்ந்தது, பின் முழு இதயமாயிற்று. ஹலீமின் பார்வை அங்கே நிலைத்தது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே றிஸ்வி பேசினான்.

"நேத்து காரைக் கலியாணத்துக்குக் குடுத்தேன், மச்சான். ஹவ்வா உம்மாட மகளுக்கு. ஸ்டிக்கர் ஒட்டினாங்க. காலையிலயிருந்து அதை மறைக்கத்தான் பாத்தேன்."

"எனக்கு போன்ல ஒரு கோல் எடுத்திருந்தா வேணாம்டு சொல்லுவேனா?"

"சொல்லுவீங்க, நானா," என்றாள் ருக்கியா.

ஹலீம் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லித்தான் இருப்பேன்," என்றார் ஹலீம். பிறகு கையை நீட்டினார். "சாவி."

றிஸ்வி கொடுத்தான். அது அவருடைய சட்டைப் பைக்குள் போனது. மழையைப் பாராமல் படியிறங்கிவிடுவார் என்று ருக்கியா நினைத்தாள். அவர் ஒரு கதிரையை இழுத்துப் பொனட் தெரியும்படி போட்டு உட்கார்ந்தார்.

"மெழுகு இறுக முந்தியே தொடைச்சீக்கிறீங்க. மழை விட்டதும் திரும்பப் பூசுங்க," என்றார். மறுபடியும் கையை நீட்டினார், இம்முறை தங்கையிடம். "அந்த மணியத் தாங்க. ஒங்கட கைக்குப் பொறுமையில்ல. போய் பிளேன்டீ போடுங்க."