அடுத்த வாரம் வரைக்கும்

எலக்ட்ரீஷியனின் மனைவி வார இதழைத் தொடர் எழுதுகிறவரின் மேசைமேல் விரித்து, அந்த உண்மைக் கொலைத் தொடரின் கடைசி வரியில் விரலை வைத்தாள். 'அந்தப் பெண்மணியின் வீட்டிலிருந்து கடைசியாக வெளியே வந்தவன் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். அவன் பையில் இருந்தது என்ன?' அதற்குக் கீழே தொடரும் என்று போட்டிருந்தது.

"அந்தம்மா செத்த நேரத்துல எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில லைட்டு மாட்டிட்டிருந்தாரு சார். போலீஸே விட்டுட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? தொடர் எழுதுகிறவர் ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்துவிட்டு வந்தவர். அதை அடுத்த வாரத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். யார் தலையிலாவது சந்தேகத்தைக் கட்டினால்தான் வாசகன் அடுத்த இதழைத் தேடி ஓடி வருவான். தலைமயிர் நரைக்கும்வரை அவர் பார்த்த தொழில் அதுதான். அந்த வரியை எழுதியபோது தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது நினைவுக்கு வர, கூசிப்போனார்.

"அடுத்த வாரம் எல்லாம் தெளிவா வந்துடும்மா."

"அதுவரைக்கும்? வேலைக்குக் கூப்பிட்டவங்கல்லாம் வேணாம்னுட்டாங்க. பள்ளிக்கூடத்துல பொண்ணு பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்குறாங்க. அவரு யாரோடவும் பேசுறதில்ல, கதவைப் பூட்டிக்கிட்டுக் கெடக்குறாரு. பயமா இருக்கு சார். நீங்களே வந்து எங்க தெருவுல சொல்லுங்க."

இதழாசிரியரிடம் கேட்டால் காரியம் கெட்டுவிடும். கேட்காமலே அவளோடு கிளம்பினார்.

இதழில் வாராவாரம் வரும் படத்தால் தெருமுனை சலூன்காரருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. பாதி மழித்த முகத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். கூட்டம் கூடிவிட்டது.

"அவர் கொலை பண்ணலீங்க. அன்னிக்கு அவர் ஆஸ்பத்திரியில இருந்தார். நானே விசாரிச்சேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"எங்களுக்குத் தெரியாதா சார் உங்க வித்தை?" என்றார் சலூன்காரர். "போன தொடர்ல தம்பிக்காரன் இல்ல, இல்லன்னு சொல்லிட்டே வந்து, கடைசியில அவனையே புடிச்சுக் குடுத்தீங்களே."

"ஐயா, இது கதை இல்ல. நிஜம்."

"அதைத்தானே வாராவாரம் தலைப்புக்கு மேல போடுறீங்க. முடிவை இப்பவே சொல்லிடாதீங்க சார், படிச்சுக்கிறோம்."

பெற்ற பிள்ளைமேல் சத்தியம் பண்ணினார். யாரோ ஒருவன் செல்போனை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

எலக்ட்ரீஷியனின் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. "நான்தாங்க," என்றாள். மறுபடியும் தட்டினாள், பிறகு இரண்டு கைகளாலும் தட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.