பின்பலகை போட்ட பொம்மை மேடை

கூடத்தின் மூலையில் அந்த அட்டைப்பெட்டி வந்து நின்ற நாளிலிருந்து பெரியப்பாவுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பெரியப்பா என்று அவரைக் கூப்பிட இந்த உலகத்தில் இரண்டே பேர். தம்பியின் மகள் சிட்டு, ஏழு வயது. அவள் தம்பி உருண்டை, நாலு வயது. ஊருக்கெல்லாம் அவர் பட்டறை முதலாளி. அப்பா தொடங்கிய அலமாரிப் பட்டறையை நாற்பது வருடமாக யாரிடமும் ஒரு குறைச்சொல் கேட்காமல் நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. பள்ளி விட்டதும் சிட்டு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். இழைத்த மரச்சுருளைக் காதில் மாட்டிக்கொண்டு அன்றைய வம்பையெல்லாம் ஒப்பிப்பாள். அந்த அரை மணி நேரம் ரம்ப மிஷின் ஓடாது. ஏன் ஓடாது என்று வேலையாட்களுக்கு அவர் விளக்கம் சொன்னதில்லை.

பத்து நாளாக அந்தக் கதவு திறக்கவில்லை.

எல்லாம் மாமாவின் வேலை. மாமா என்றால் தம்பி மனைவியின் தம்பி. வீடு வீடாக ஃபிரிட்ஜ் கொண்டுபோய் இறக்குகிறவன். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, ஃபிரிட்ஜ் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பெட்டி பிரிக்கிற கத்தியால் முன்பக்கத்தில் ஜன்னல் மாதிரி சதுரமாக வெட்டினான். கிழிந்த தலையணை உறையைத் திரையாகத் தொங்கவிட்டான். ஜோடி தொலைத்த காலுறைகளுக்குச் சட்டைப் பொத்தானில் கண் வைத்தான். ஒரு மணி நேரத்தில் பொம்மை மேடை தயார். உள்ளே புகுந்துகொண்டு அவன் தவளைக்குரலில் கத்த, குழந்தைகள் விழுந்து புரண்டு சிரித்தன.

"ஒரு மழைக்குத் தாங்குமா இது?" என்றார் பெரியப்பா.

"கூடத்துக்குள்ள மழை பெய்யுமா பெரியத்தான்?" என்று பெட்டிக்குள்ளிருந்து தவளை கேட்டது.

சிட்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் மாமா சொன்னது, மாமா செய்தது, மாமாவின் தவளை என்று ஒரே மாமா புராணம். வாசல்மணி அடித்தால் பிள்ளைகள் இரண்டும் ஓடின. கதவில் நின்றது பால்காரர் என்றால் முகம் தொங்கிப்போயிற்று.

"அட்டையில பண்ணதுக்கே இந்த ஆட்டமா?" என்று தம்பியிடம் எரிந்து விழுந்தார்.

"விடுண்ணே. பசங்களுக்கு மரமென்ன, அட்டையென்ன."

மரமென்ன, அட்டையென்னவாம்! மரத்தில் பிறந்து மரத்தில் வளர்ந்த வீட்டுப்பிள்ளை பேசுகிற பேச்சா இது? பெரியப்பா அன்றைக்கே முடிவு செய்தார். மறுநாள் விடியற்காலையில், வீடு எழுந்திருக்கும் முன், டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். திருடன் போலக் குனிந்து, மூலையில் ஒட்டி நின்ற அட்டைப்பெட்டியின் உயரம், அகலம், ஜன்னல் அளவு எல்லாம் எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் கூட்டிக் குறித்துக்கொண்டார்.

துணி அலமாரி ஒன்றை அந்த வாரம் கொடுப்பதாக வாக்கு. நாற்பது வருடத்தில் முதல் முறையாக வாடிக்கையாளருக்குப் பொய் சொன்னார்: "மரம் இன்னும் காயல." காய்ந்து தயாராயிருந்த அதே தேக்கை அறுத்து மேடைக்குப் போட்டார். வேலையாட்களைத் தொடவிடவில்லை. ஆணி கிடையாது, எல்லாம் கூர்வைத்துப் பொருத்திய சேர்மானம். ஜன்னலுக்கு மேலே இரண்டு கிளிகள் செதுக்கினார். பித்தளைக் கம்பியில் பட்டுத் துணித் திரை. நகர்த்த அடியில் சக்கரம். கடைசியாக, அரை அங்குலப் பலகையைச் சட்டங்களில் வெட்டிய காடிப் பள்ளத்தில் இறக்கிப் பசை போட்டுப் பின்பக்கத்தை அடைத்தார். அது அப்பா வகுத்த சட்டம். பின்பலகை இல்லாத சாமானைச் சுவரில் சாய்த்துவைத்து விற்கிறவர்கள் ஊரில் உண்டு. இந்தப் பட்டறையிலிருந்து அப்படி ஒன்றுகூட வெளியே போனதில்லை. "சுவரைப் பாத்து நிக்கிற பக்கத்துலதான்டா நம்ம மானம் இருக்கு" என்பார் அப்பா. பலகையின் நடுவில் குடும்ப முத்திரையைப் பழுக்கக் காய்ச்சி வைத்தார். பாலிஷ் காய்ந்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அட்டைப்பெட்டி இனிக் குப்பைக்குத்தான்.

ஞாயிறு மாலை. மாடி வீட்டுப் பிள்ளைகள், எதிர் வீட்டுப் பிள்ளைகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா பட்டறைக் கதவைத் திறந்து மேடையை உருட்டிக்கொண்டு வந்தார்.

"யப்பா!" என்றான் மாடி வீட்டுப் பையன். "நிஜ தியேட்டர்டா!"

சிட்டு ஓடிவந்து கிளிகளைத் தடவினாள். மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். "பெரியப்பா வாசன அடிக்குது" என்றாள். பிறகு திரும்பி, "மாமா, இன்னைக்கு இதுலதான்!"

பெரியப்பா ஓரக்கண்ணால் மாமாவின் முகத்தைப் பார்த்தார். அது சுருங்குவதைப் பார்க்கத்தானே இத்தனை நாள் தூக்கம் கெட்டது. ஆனால் அந்த முகம் சுருங்கவில்லை. "அடேங்கப்பா பெரியத்தான், கலக்கிட்டீங்க!" என்று அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. பொறாமைப்படக்கூடத் தெரியாத மனுஷன்!

மாமா காலுறைப் பொம்மைகளைக் கையில் மாட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனான்.

திரை அசையவில்லை.

"தவள எங்க?" என்று உருண்டை கத்தினான்.

"தவள பல்லு வெளக்குதுடா" என்றது மாமாவின் குரல். பலகையை மெல்லத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் சாதாரணமாக வருவதுபோல வந்து, பெரியப்பாவின் காதருகே குனிந்தான்.

"பெரியத்தான், பின்பக்கம் எப்படித் தொறக்கணும்?"

"தொறக்கறதா? பின்பலகைய எதுக்குத் தொறக்கணும்?"

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உறைத்தது. மூலையில் சுவரோடு ஒட்டி நின்ற அட்டைப்பெட்டிக்கு முதுகே இல்லை. அவன் உள்ளே புகுந்தது அந்த வழியாகத்தான். முன்பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு வந்து, கிளி செதுக்கிய அலமாரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்!

"ஒண்ணும் கெட்டுப்போகல" என்று மாமா கிசுகிசுத்தான். "பூட்டியிருக்கு, சாவி காணலன்னு சொல்லிடறேன். இன்னைக்கு அட்டையில ஓட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

தம்பி மனைவி அதற்குள் புரிந்துகொண்டு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிட்டு பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல யோசனைதான். மானம் தப்பும். ஆனால் தப்புவிக்கிறவன் இவன். நாளைக்கு, நாளன்றைக்கு, ஆயுசு முழுக்க இவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாவி ஞாபகம் வரும். அதைவிட நாலு பேர் சிரிக்கட்டும்.

"சாவியும் இல்ல, பூட்டும் இல்ல" என்றார் உரக்க. "பெரியப்பா பின்னாடி அடைச்சுட்டேன். எதைச் செஞ்சாலும் அலமாரியாத்தான் வருது எனக்கு."

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மூச்சில் சிரித்தன. சிட்டுவும்தான்.

அவர் பட்டறைக்குப் போய்த் துளைக்கருவியும் ஒல்லி ரம்பமும் கொண்டுவந்தார். மேடையின் முதுகைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார். நாலு மூலையிலும் துளை போட்டார். முத்திரை நடுவில் பளிச்சென்று தெரிந்தது. அப்பாவிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரம்பத்தை நுழைத்தார்.

"புடிச்சுக்கோ. பலகை ஆடக்கூடாது" என்றார் மாமாவிடம்.

"ஆடாது பெரியத்தான். ஃபிரிட்ஜையே ஆடாம தூக்கறவன் நான்."

ரம்பம் போகப் போகப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். நூறுக்கு மேல் எண்ணத் தெரியாதவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். பலகை கழன்று விழுந்ததும் கிளம்பிய கைத்தட்டலில் உருண்டை எழுந்து ஆடினான். சிட்டு ஓடிவந்து, முத்திரை மேலே தெரியும்படி அந்தப் பலகையை முன்வரிசையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "இது என் இடம். யாரும் வரக்கூடாது" என்றாள்.

மாமா உள்ளே புகுந்தான். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் கூட்டிய மேடை. இன்னொருவருக்கும் தாராளமாக இடமிருந்தது. "வாங்க பெரியத்தான், கரடிக்கு ஆள் இல்ல" என்று ஒரு பழுப்பு நிறக் காலுறையை நீட்டினான்.

தன் வேலைக்குள் இவனைத் தனியாக விடுவதா? பெரியப்பா முட்டி மடக்கி உள்ளே போய் உட்கார்ந்தார். திரை விலகியது. கரடிக்கு வேறு குரல் அவரிடம் இல்லை.

"யாரது பட்டறையில சத்தம் போடறது? காலை மடக்கி உக்காருங்க எல்லாரும்!" என்றது கரடி.

கூடம் அதிர்ந்தது. சிட்டுவின் சிரிப்பை அந்தக் கூட்டத்துக்குள்ளும் அவரால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. நீளமான சிரிப்பு. அடுத்து தவளை ஏதோ சொன்னது, அதற்கும் சிரித்தாள். அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்ததுபோலப் பட்டது.

பெரியப்பா கையை நகர்த்தி, கரடியைத் தவளைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.